மனோதர்மத்துக்கு எந்த மென்பொருள்? லக்னோவில் தொடங்கிய ஒரு கதை

பேளுக்குறிச்சி சுற்றுவட்டாரத்தில் திருவிழா சீசன் வந்துவிட்டால் பம்பை, உடுக்கை, தவில் சத்தம் இல்லாத வாரம் கிடையாது. இப்போது அதே மேடைகளில் கீபோர்டும் ரிதம் பேடும் ஏறிவிட்டன. சில இடங்களில் லேப்டாப்பும் வந்தாச்சு. நான் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறவன் என்பதால் வாசிக்கிற பசங்க என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "அண்ணா, நாங்க வாசிக்க வாசிக்க கூடவே மாத்தி மாத்திப் போடற மாதிரி எந்த சாஃப்ட்வேருங்ணா நல்லா இருக்கும்?"

வழக்கமான பதில், நான்கு பெயர்களைச் சொல்லி, விலையைச் சொல்லி, யூட்யூப் பார்த்துக் கத்துக்கோ என்று அனுப்புவது. ஆனால் இந்தக் கேள்விக்கு நம் நாட்டிலேயே நாற்பது வருடத்துக்கு மேலான வரலாறு இருக்கிறது. முன்கூட்டித் தயார் செய்யாமல் அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பதை நாம் மனோதர்மம் என்கிறோம். அந்த இடத்தில் ஒரு இயந்திரத்தை உட்கார வைத்தால் அதற்கு என்ன வேலை கொடுப்பது? இதை முதலில் முடிவு செய்துவிட்டால் எந்த மென்பொருள் என்பது பாதி முடிந்துவிடும். இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான். சுரம், கமகம் பக்கம் போகவில்லை, தாளத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மூன்று ஊர், மூன்று வேலை

1979 முதல் சில வருடங்களுக்குள், இந்தியாவின் மூன்று ஊர்களில் மூன்று விதமாக எலக்ட்ரானிக் கருவி மனோதர்மத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

முதலாவது பெங்களூரு. பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் 1979ல் எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியைக் கொண்டுவந்தார். அவருடைய ராடெல் நிறுவனப் பெட்டி இல்லாத பாட்டு வகுப்பை இன்றைக்குத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்தப் பெட்டியின் பெருமை என்னவென்றால், அது எதையும் முடிவு செய்யாது. ஸ்வரத்தை வைத்துவிட்டால் அப்படியே நிற்கும். பாடுகிறவர் எங்கே வேண்டுமானாலும் போய்விட்டுத் திரும்பி வரலாம். அடுத்த பத்தாண்டில் எலக்ட்ரானிக் தபலாவும் வந்தது. அதுவும் இதே குணம்தான்: தாளத்தையும் வேகத்தையும் நாம் வைக்கிறோம், அது சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இரண்டாவது பம்பாய். 1982ல் சரண்ஜித் சிங் என்ற திரையிசைக் கலைஞர், ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808 தாள இயந்திரம், டிபி-303 பேஸ் இயந்திரம், ஜூபிடர்-8 சிந்தசைசர் மூன்றையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு இசைத்தட்டு போட்டார். வந்தபோது பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 2010ல் மறுவெளியீடு ஆனபிறகுதான், சிகாகோவின் ஆசிட் ஹவுஸ் இசைக்குப் பல வருடம் முன்பே இந்தச் சத்தம் பம்பாயில் இருந்திருக்கிறதே என்று உலகம் ஆச்சரியப்பட்டது. இங்கே இயந்திரம் சுருதிப் பெட்டியைவிட ஒரு படி மேலே. தாளத்தையும் அடிநாதத்தையும் அது ஓட்டுகிறது. ராகத்தை விரிப்பது மனிதன். இயந்திரம் மாறாது, மனிதன்தான் மாறுவான்.

மூன்றாவது லக்னோ. அங்கே கதை தலைகீழ். மாற்றி மாற்றிச் சொல்லும் வேலை இயந்திரத்துக்கு; சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்வது மனிதனுக்கு. இந்த மூன்றாவது கதை நம் ஊர்ப்பக்கம் அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் இன்றைக்கு மேடையில் பயன்படும் சில மென்பொருள்களின் வேர் அங்கேதான் இருக்கிறது.

உஸ்தாத், மாணவர், நிரலாளர்

லக்னோ தபலா கரானாவின் தலைமைக் கலைஞராக அப்போது இருந்தவர் அஃபாக் ஹுசேன் கான். அவருடைய தாத்தா ஆபித் ஹுசேன் கான், லக்னோ இசைக் கல்லூரியில் முதல் தபலா பேராசிரியராக இருந்தவர். அந்தப் பரம்பரையில் தபலா கற்றுக்கொள்ள வந்தவர் ஜிம் கிப்பன். பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில், இசை மானிடவியலில் பெரிய பெயரான ஜான் பிளாக்கிங்கின் மாணவர். 1980களின் தொடக்கத்தில் லக்னோவில் தங்கி, உஸ்தாதிடம் உட்கார்ந்து கற்றார். பின்னாளில் 1988ல் லக்னோ தபலா பற்றி அவர் எழுதிய புத்தகம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது.

கிப்பனுக்கு ஒரு சிக்கல். தபலாவில் காய்தா என்று ஒரு வடிவம் உண்டு. ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு, அதில் உள்ள சொற்களை மட்டும் வைத்துப் பல விதமாகப் பிரித்து, கோத்து, திருப்பி வாசிப்பது. காய்தா என்ற சொல்லுக்கே விதி என்றுதான் பொருள். அப்படியென்றால் விதி இருக்கிறது. ஆனால் அந்த விதியைக் கேட்டால் வாயால் சொல்ல வராது. மாணவன் ஒரு வேறுபாட்டை வாசித்தால் "சரி" என்பார், இல்லையென்றால் "அப்படி இல்லை, இப்படி" என்று தானே வாசித்துக் காட்டுவார். ஏன் தப்பு என்பதற்கு விளக்கம் பெரும்பாலும் வராது.

மென்பொருள் துறையில் இருக்கிறவர்களுக்கு இந்த நிலைமை நன்றாகவே புரியும். தேவை ஆவணம் கிடையாது. டெஸ்ட் கேஸ் மட்டும்தான். கஸ்டமர் பார்த்துவிட்டு "இது இல்லைங்க" என்பார். அந்த "இல்லை"களை எல்லாம் சேர்த்து வைத்துத்தான் விதியை நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

அப்போது டெல்லியில் இருந்த பிரெஞ்சுக் கணினி அறிஞர் பெர்னார் பெல்லோடு கிப்பன் சேர்ந்தார். இருவரும் சேர்ந்து உருவாக்கியது "போல் ப்ராசஸர்". பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இந்தியில் போல் என்றால் சொல். தபலாவின் ஒவ்வொரு அடிக்கும் வாயால் சொல்லும் பெயர். நாம் சொற்கட்டு என்கிறோமே, அதே சொல். கடிதம் அடிக்க வேர்ட் ப்ராசஸர் மாதிரி, தபலாச் சொல் அடிக்க போல் ப்ராசஸர். ஒரு விசையைத் தட்டினால் ஒரு முழுச் சொல் திரையில் வரும்.

முதல் பதிப்பு ஆப்பிள் 2 வரிசைக் கணினிக்காக, 6502 சிப்பின் அசெம்பிளி மொழியில் எழுதப்பட்டது. ஆப்பிள் 2சி 1984ல் வந்தது. 128 கிலோபைட் நினைவகம், எடை மூன்றரைக் கிலோவுக்குப் பக்கம். கையில் தூக்கிக்கொண்டு போகலாம். இது சின்ன விஷயம் இல்லை. ஆராய்ச்சிக்கூடத்துக்கு உஸ்தாதை வரவழைக்காமல், உஸ்தாத் இருக்கிற இடத்துக்கே கணினி போக முடிந்தது.

எப்படி வேலை செய்தது

கிப்பன் தான் கற்றதை வைத்து ஒரு காய்தாவுக்கான இலக்கணத்தை எழுதுவார். இலக்கணம் என்றால் நம் கம்பைலர் பாடத்தில் படிக்கிற அதே விதிகள்: ஒரு பெரிய துண்டை இன்ன சிறு துண்டுகளாக உடைக்கலாம், அந்தச் சிறு துண்டுக்குப் பதில் இன்ன சொற்களை வைக்கலாம். கணினி அந்த விதிகளின்படி ஒரு புது வேறுபாட்டைத் தயாரித்துத் திரையில் எழுத்தாகக் காட்டும். அது உஸ்தாதின் காதுக்குப் போகும். அவர் ஏற்றுக்கொண்டால் சரி. ஏற்கவில்லை என்றால் எந்த விதி தப்பு என்று தேடித் திருத்துவார்கள்.

எதிர்த்திசையிலும் ஓடும். உஸ்தாத் வாசித்த ஒரு வேறுபாட்டைத் தட்டச்சு செய்து கொடுத்தால், இது தன் இலக்கணத்துக்குள் வருமா வராதா என்று கணினி பிரித்துப் பார்த்துச் சொல்லும். வராது என்றால் இலக்கணம் குறுகலாக இருக்கிறது. உஸ்தாத் மறுப்பதைக் கணினி தயாரித்தால் இலக்கணம் அகலமாக இருக்கிறது. இரண்டு பக்கமும் இடித்து இடித்து நடுவில் வந்து நிற்பதுதான் முறை. இதற்கு கிப்பன் வைத்த பெயரே உரையாடல் முறை என்ற பொருளில்தான் இருந்தது. ஆராய்ச்சியாளர் பார்த்து எழுதிக்கொண்டு போகிற வேலை இல்லை. ஆய்வுக்கு உட்பட்டவரே ஆய்வைத் திருத்துகிறார்.

இதில் இரண்டு நுட்பங்களைக் குறிப்பிட வேண்டும். இரண்டுமே மேடைக்கு உதவும்.

ஒன்று, நகல் விதி. காய்தாவில் முதல் பாதி இடக்கை பாயாவின் அதிர்வோடு வரும். பின்பாதியில் அதே வரிசை திரும்ப வரும், ஆனால் ஒரு பகுதியில் அதிர்வு இல்லாமல் அடைத்து வாசிக்க வேண்டும். அடிகளின் வரிசை அதே, ஒலி வேறு. தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டையும் "தா" என்றுதான் எழுத முடியும், வித்தியாசமே தெரியாது! சாதாரணச் சூழல்சாரா இலக்கணத்தால் "முன்னால் வந்த அதே வரிசையைத் திரும்பச் சொல்" என்று சொல்லவே முடியாது. தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் படித்தவர்களுக்கு இந்தப் பழைய நிரூபணம் ஞாபகம் வரும். அதனால் போல் ப்ராசஸரில் "இது மூலம், அது அதன் நகல், நகலில் இன்ன அடிக்குப் பதில் இன்ன அடி" என்று எழுத வழி செய்தார்கள். ஒரு தபலா மரபின் தேவை, கணினி இலக்கணத்தையே நீட்ட வைத்தது.

இரண்டு, எடை. ஒவ்வொரு விதிக்கும் ஒரு எண் கொடுக்கலாம். எண் பெரிதாக இருந்தால் அந்த விதி அடிக்கடி தேர்ந்தெடுக்கப்படும். ஒருமுறை பயன்பட்டதும் அந்த எண் குறைகிற மாதிரியும் வைக்கலாம். அப்படி வைத்தால் இயந்திரம் ஒன்றையே பிடித்துக்கொண்டு அரைக்காது. நம் ஊர் ஆட்கள் "சொன்னதையே சொல்லாதப்பா" என்று சொல்வதைக் கணக்காக எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பிறகு இலக்கணத்தை மனிதர் எழுதாமல் கணினியே கேள்வி கேட்டுக் கற்றுக்கொள்ளும் ஒரு நிரலையும் ப்ரோலாக் மொழியில் செய்து பார்த்தார்கள். அதற்குப் பெயர் கவாயித். ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர்தான், ஆனால் உருதுவில் அந்தச் சொல்லுக்கு இலக்கணம் என்றே பொருள். காய்தாவின் பன்மையும் அதுதான். "இது சரியா?" என்று அது கேட்கும், பதிலை வைத்து விதியைப் பொதுமைப்படுத்தும். இன்றைக்கு இயந்திரக் கற்றல் என்று ஊரெல்லாம் பேசுகிற விஷயத்தை, இணையமோ பெரிய தரவோ இல்லாத 1980களில் ஒரு தபலா உஸ்தாதை ஆசிரியராக வைத்துச் செய்திருக்கிறார்கள்.

எண்ணினால் எவ்வளவு வரும்?

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும், எல்லா வேறுபாட்டையும் பட்டியல் போட்டுவிட்டால் போச்சே என்று தோன்றலாம். நம் சொற்கட்டை வைத்தே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தக (2), தகிட (3), தகதிமி (4) என்று மூன்றே சொற்கள். இவற்றால் 8 மாத்திரையை எத்தனை விதமாக நிரப்பலாம்? 4+4, 4+2+2, 2+4+2, 2+2+4, 2+2+2+2, 3+3+2, 3+2+3, 2+3+3. ஆக 8 வழி. கையாலேயே எழுதிவிடலாம். 16 மாத்திரைக்கு 165 வழி. ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனம், சதுச்ர நடையில் 32 மாத்திரை. அதற்கு 74,594 வழி! ஒரு பத்து வரி நிரல் எழுதினால் இந்த எண் உடனே வந்துவிடும். 2, 3, 4 மாத்திரை குறைவான மூன்று அளவுகளின் விடைகளைக் கூட்டிக்கொண்டே போகிற எளிய கணக்கு. இன்னும் நடை மாற்றம், இடம் தள்ளி எடுப்பு, கார்வை எதையும் சேர்க்கவே இல்லை.

இந்த மாதிரி எண்ணுவது நமக்குப் புதிதும் அல்ல. யாப்பில் குறிலையும் நெடிலையும் வைத்து ஒரு அடியை எத்தனை விதமாக அமைக்கலாம் என்று 12ஆம் நூற்றாண்டில் ஹேமசந்திரர் எண்ணியபோதுதான், இன்று பிபோனாச்சி வரிசை என்று சொல்லப்படும் எண்கள் வந்தன. பிபோனாச்சியின் புத்தகம் 1202ல் தான் வருகிறது. 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் தன் சங்கீத ரத்னாகரத்தில் தாள உறுப்புகளை எத்தனை விதமாக அடுக்கலாம் என்பதற்குப் பிரஸ்தாரம் என்றே ஒரு முறையை விளக்குகிறார்.

ஆகவே பட்டியல் போடுவது பிரச்சினையே இல்லை. 800 வருடம் முன்பே செய்தாகிவிட்டது. அந்த 74,594ல் ஒரு நல்ல வித்வான் தன் வாழ்நாளில் வாசிக்கவே மாட்டார் என்கிறவை எவை, ஏன், என்பதுதான் பிரச்சினை. மூன்றும் இரண்டுமாகப் பிரித்துக் கணக்குக்குச் சரியாக வந்தாலும், காதுக்குச் சில வரிசைகள் தடுக்கும். சில வரிசைகள் சமத்துக்கு வரும்போது தள்ளாடும். சில வரிசைகள் முதல் தடவை நன்றாக இருந்து மூன்றாவது தடவை சலிக்கும். நம் பேளுக்குறிச்சி சனிக்கிழமைச் சந்தையில் மிளகு வாங்கப் போனால், எந்த விலையில் ஆரம்பிப்பது, எந்த விலைக்குமேல் கேட்டால் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று பழகினவர்களுக்குத் தெரியும். எழுதிக் கொடு என்றால் யாராலும் முடியாது. அதே மாதிரி அறிவுதான் இது.

மென்பொருள் நிறையச் சாத்தியங்களைக் கொடுக்கிறது என்று விளம்பரம் செய்வார்கள். அது பெருமையே இல்லை. வேண்டாததை எப்படிக் கழிக்கிறது, கழிப்பதை யார் கையில் கொடுக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

ஷெஃபீல்டுக்குப் போன குறியீடு

போல் ப்ராசஸர் லக்னோவோடு நிற்கவில்லை. இரண்டாம் பதிப்பு மெக்கின்டோஷ் கணினிக்கு மாறியது. மிடி வழியாகக் கருவிகளை ஒலிக்கச் செய்தது. இசையமைப்புக்கும் நாட்டியத்துக்கும் அது பயன்பட்டது. அந்தக் கட்டத்தில் பெல் ஒரு குறியீட்டை உருவாக்கினார். ஒரே கால அளவுக்குள் ஒரு வரிசையில் 3 அடி, இன்னொரு வரிசையில் 4 அடி என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், இரண்டும் ஒன்றாக முடிகிற மாதிரி நேரத்தைக் கணினியே பங்கு போட்டுக்கொள்ளும். நேரத்தை நொடியில் சொல்ல வேண்டியதில்லை, விகிதத்தில் சொன்னால் போதும். நம் நடை, கதி கணக்கும் அதுதானே.

இங்கிலாந்தில் ஷெஃபீல்டைச் சேர்ந்த அலெக்ஸ் மெக்லீன் டைடல் என்ற மென்பொருளை ஹாஸ்கெல் மொழியில் உருவாக்கியபோது, அதன் தாளக் குறியீட்டுக்கு போல் ப்ராசஸரைத்தான் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார். டைடலின் கையேடு இதை வெளிப்படையாகவே சொல்கிறது. டைடல் எதற்கென்றால், மேடையில் நின்று நிரல் எழுதியே இசையை உண்டாக்குவதற்கு. லைவ் கோடிங் என்கிறார்கள். வாசிப்பவரின் திரை கூட்டத்துக்கும் தெரியும்; மறைக்கக் கூடாது என்பது அவர்களுடைய வழக்கம். 2022ல் இதே டைடலை ஜாவாஸ்கிரிப்டில் எழுதி ஸ்ட்ரூடல் என்று வெளியிட்டார்கள். நிறுவவே வேண்டாம், உலாவியைத் திறந்தால் போதும்.

பெர்லினிலோ டோக்கியோவிலோ ஒரு இளைஞர் சதுர அடைப்புக்குறிக்குள் தாளத்தை உடைத்து எழுதி ஒரு கிளப்பையே ஆட வைக்கிறார் என்றால், அந்தக் குறியின் பின்னால் அஃபாக் ஹுசேன் கானின் காய்தாவுக்காகத் தொடங்கிய ஒரு வேலை இருக்கிறது. உஸ்தாத் 1990ல் காலமாகிவிட்டார்.

கேட்கிற இயந்திரம்

நான்காவதாக ஒரு வேலையும் உண்டு. மனிதன் வாசிப்பதைக் கேட்டு, அதற்குப் பதில் வாசிப்பது. அமெரிக்க டிராம்போன் கலைஞர் ஜார்ஜ் லூயிஸ் 1987ல் செய்த வாயேஜர் இதில் முன்னோடி. அது வாசிப்பவருக்குக் கீழ்ப்படிவதில்லை. கேட்கும், தனக்குத் தோன்றினால் சேரும், இல்லையென்றால் தன் வழியில் போகும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாற்றி மாற்றி வாசிக்கிற மாதிரி.

நம் மேடைக்கு இதில் முக்கியமானது காலப்பிரமாணம். பம்பைக்காரரோ தவில்காரரோ மெட்ரோனோம் வைத்து வாசிப்பதில்லை. சாமி அழைக்கும்போது வேகம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். அது தப்பில்லை, அதுதான் வாசிப்பே. ஆனால் பெரும்பாலான மென்பொருள்கள் கடிகாரம் தன் கையில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். பெர்லினின் ஆபிள்டன் லைவ் 2001ல் வந்தது, மேடைக்கென்றே செய்யப்பட்டது. ஆனால் வாசிப்பவரின் வேகத்தைக் கேட்டுத் தானே பின்தொடரும் வசதி அதில் 2021ல் வந்த 11ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. இருபது வருடம் மனிதன்தான் இயந்திரத்தின் பின்னால் ஓடியிருக்கிறான்.

சரி, எதை எடுப்பது?

முதலில் இயந்திரத்துக்கு எந்த வேலை என்று முடிவு செய்யுங்கள்.

சுருதி மாதிரி, தாளச் சுற்று மாதிரி பின்னணி போதும் என்றால் எதையும் வாங்க வேண்டாம். தம்புரா, தபலா செயலி போனிலேயே கிடைக்கும். மேடையில் நின்றுவிடாமல் ஓட வேண்டும் என்பது ஒன்றுதான் அதற்குத் தகுதி.

ஏற்கெனவே பதிவு செய்த துண்டுகளை நினைத்தபோது எடுத்துப் போட்டு, நிறுத்தி, அடுக்க வேண்டும் என்றால் ஆபிள்டன் லைவ் வகையறா. துண்டுகள் கட்டம் கட்டமாக இருக்கும். விரலால் தொட்டால் அடுத்த சுற்றின் தொடக்கத்தில் சரியாகச் சேரும். ரிதம் பேடு பழகின பசங்களுக்கு இது உடனே கைக்கு வரும்.

வேறுபாடுகளை இயந்திரமே சொல்ல வேண்டும், நாம் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் டைடல் அல்லது ஸ்ட்ரூடல். இரண்டும் இலவசம். நம் பம்பை அடிகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்து அதற்கு நம் சொல்லையே பெயராக வைத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். இதில் ஒரு அடிக்கு உடனே பதில் அடி கொடுக்க முடியாது. ஒரு வரியை மாற்றி எழுத ஐந்து முதல் பத்து நொடி ஆகும். அட்சரத்துக்கு ஒரு நொடி என்று வைத்தால், ஆதி தாள ஆவர்த்தனம் ஒன்று முடிந்திருக்கும். ஆகவே இது கேள்வி பதிலுக்குச் சரிப்படாது. ஆவர்த்தனத்துக்கு ஆவர்த்தனம் தளத்தை மாற்றிக்கொண்டே போகிற வாசிப்புக்குச் சரி.

விதியை எழுதி, சரிபார்த்து, ஒரு வாசிப்பு முறையையே ஆராய வேண்டும் என்றால் போல் ப்ராசஸர்தான். அதன் இன்றைய பதிப்பு பிபி3 மூலநிரலோடு இலவசமாகக் கிடைக்கிறது. மேடைக்கு முந்தைய வீட்டுப் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை. நம்முடைய கேட்கும் இயந்திரத்தை நாமே கட்ட வேண்டும் என்றால் பியூர் டேட்டா இருக்கிறது. பாரிஸின் இர்காம் ஆய்வு நிலையத்தில் 1980களில் மேக்ஸ் என்ற மென்பொருளை எழுதிய மில்லர் பக்கெட், 1996ல் இலவசமாக வெளியிட்டது. கட்டங்களை ஒயரால் இணைக்கிற மாதிரி இருக்கும். எலக்ட்ரீஷியன் மூளை உள்ளவர்களுக்குப் பிடிக்கும்.

எதை எடுத்தாலும் தாமதத்தைப் பாருங்கள். பேடைத் தட்டினதற்கும் ஸ்பீக்கரில் சத்தம் வருவதற்கும் இடைவெளி. ஒலி அமைப்பில் பஃபர் என்று ஒரு எண் இருக்கும். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில், 128 வைத்தால் சுமார் 3 மில்லிநொடி, 256க்கு சுமார் 6, 512க்கு சுமார் 12, 1024க்கு சுமார் 23. இது ஒரு பகுதிதான். கருவியும் டிரைவரும் இன்னும் கொஞ்சம் சேர்க்கும். ஒலி காற்றில் ஒரு மீட்டர் வர ஏறக்குறைய 3 மில்லிநொடி ஆகும். ஆக 256 என்றால் இரண்டு மீட்டர் தள்ளி நிற்கிற தவில்காரரைக் கேட்டு வாசிக்கிற மாதிரி, பழகிவிடும். 1024 என்றால் எட்டு மீட்டர் தள்ளி நிற்கிறவரோடு வாசிக்கிற மாதிரி. துரித காலத்தில் கை இடறும். அதே நேரம் எண்ணை ரொம்பக் குறைத்தால் பழைய லேப்டாப் திணறிச் சத்தம் வெடிக்கும். ஒத்திகையிலேயே ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்து, வெடிக்காத மிகக் குறைந்த எண்ணில் வையுங்கள்.

கடைசியாக, வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். இயந்திரம் தப்பாக ஒன்றைத் தொடங்கிவிட்டால், ஒரே விசையில், அடுத்த அட்சரத்துக்குள் அதை அடக்க முடிய வேண்டும். மூன்று மெனு திறந்து மவுஸைத் தேட வேண்டியிருந்தால், மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த மென்பொருள் மனோதர்ம மேடைக்கு ஆகாது.

ஆசானின் "இல்லை"

லக்னோ வேலையின் உண்மையான விளைபொருள் நிரல் அல்ல, உஸ்தாத் சொன்ன "இல்லை"களின் பதிவுதான். ஒரு கலைஞர் எதை வாசித்தார் என்பது இசைத்தட்டில் இருக்கும், யூட்யூபில் இருக்கும். எதை வாசிக்க மறுத்தார் என்பது எங்கேயும் இருக்காது. அது மாணவனின் முதுகில் விழுந்த தட்டோடு போய்விடும். ஆயிரம் மணி நேரம் ஒலிப்பதிவைக் கொடுத்துக் கற்றுக்கொள்ளும் இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கும் இந்த இடத்தில் கை கட்டித்தான் இருக்கிறது. நடந்ததிலிருந்து அது கற்கும். மறுக்கப்பட்டதை யாராவது அதற்குச் சொல்ல வேண்டும்.

மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் பாடத்திட்டம், புத்தகம், கல்லூரி என்று ஓரளவு இருக்கிறது. சேலம், நாமக்கல் பக்கத்துப் பம்பைக்கும் உடுக்கைக்கும் ஆசானின் கைதான் புத்தகம். அந்தக் கைகளுக்கு வயதாகிறது. அடுத்து வருகிற பசங்க ரிதம் பேடில் ஒரு பொத்தானைத் தட்டி ரெடிமேட் பம்பைச் சத்தத்தை எடுக்கிறார்கள். அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பொத்தானுக்குள் ஒரு சுற்று மட்டும்தான் இருக்கிறது. அந்தச் சுற்றை எங்கே திருப்பலாம், எங்கே திருப்பக் கூடாது என்பது அதற்குள் இல்லை.

கிப்பனும் பெல்லும் 128 கிலோபைட்டில் செய்ததை இன்றைக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பில் செய்யலாம். ஐந்து பம்பைச் சொல்லை எடுத்து, ஒரு சின்ன இலக்கணம் எழுதி, கணினி தருகிற இருபது வேறுபாட்டை ஒரு ஆசானிடம் வாசித்துக் காட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் "ஆமா" என்றாரா "இல்லை" என்றாரா என்று ஒரு நோட்டில் குறியுங்கள். முகம் சுளித்தால் அதையும் எழுதுங்கள். ஒரு மதியம் போதும். அந்த நோட்டை வைத்து இலக்கணத்தைத் திருத்தி மறுபடி போங்கள். நாலைந்து தடவை போய்வந்தால், மேடையில் எந்த மென்பொருளை வைத்தாலும் அது உளறாமல் வாசிப்பதற்கான அடிப்படை உங்கள் கையில் இருக்கும். யாராவது இந்தப் பக்கத்தில் இதைத் தொடங்கினால் சொல்லுங்கள். நிரல் எழுதும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.